நாகல் நகர் வீட்டின் நடுச்சுவர்

நாகல் நகர் அக்கா போன் செய்தபோது காலை ஏழு மணி இருக்கும். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கால் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். சிக்குன்குனியா வந்து போய் இரண்டு மாதமாகியும் மூட்டுவலி விடவில்லை. எழுந்து தரையில் காலை ஊன்றி நிற்கவே கால் மணி நேரம் பிடிக்கும். கட்டட இன்ஜினியர் பிழைப்பில் பாதி நாள் படியிலும் ஏணியிலும்தான் போகும். அந்த இரண்டு மாதமும் போன் அடித்தாலே, யாரென்று பார்ப்பதற்கு முன்பே எனக்கு அலுப்பு வந்துவிடும்.

"ஏம்மா, படுக்கிற ரூமு கதவு சாத்த மாட்டேங்குது" என்றார் அக்கா. "நேத்துக் காலையில வரைக்கும் நல்லாத்தான் சாத்துச்சு. இப்ப மேல நெலையில போய் இடிச்சுக்கிட்டு நிக்குது. மரம் ஊதிப்போச்சுன்னு சொல்லவும் மழை ஒண்ணும் இல்லயே."

"கீழ ஏதாச்சும் வேலை நடக்குதாக்கா?"

"தம்பி டைல்ஸ் மாத்துறேன்னு சொன்னான். ரெண்டு நாளா ஒரே இடி. நேத்துச் சாயங்காலந்தான் ஓஞ்சுச்சு."

"அக்கா, அந்த ரூமுல இருக்காதீங்க. மாமாவையும் வெளிய கொண்டாந்துருங்க. மொட்டைமாடிக்கு யாரும் ஏற வேணாம். நான் இந்தா வாரேன்" என்றேன்.

"அவர நான் ஒருத்தியா எப்பிடித் தூக்குறது?" என்று அவர் கேட்டபோதுதான், அவர் கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடப்பதே எனக்கு நினைவுக்கு வந்தது.

நாகல் நகரில் இருக்கும் அந்த வீட்டை எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். கீழ்த்தளத்தை அக்காவின் அப்பா கட்டியிருந்தார். தூண்களே இல்லாத பழைய வகை வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள்தான் தளத்தைத் தாங்கின. அக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, தன் சம்பாத்தியத்தில் மாடி எடுத்தார். மாடிக்கு வரைபடம் போட்டது நான். தனியாக ஆபீஸ் திறந்து நான் போட்ட முதல் சில வரைபடங்களில் அதுவும் ஒன்று. கீழே சுவர் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலேதான் மாடியிலும் சுவர் வரவேண்டும் என்று அன்றைக்கு நான் பிடிவாதம் பிடித்தேன். அக்கா ஹாலைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கேட்டபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. பெரியவர் போன பிறகு கீழ்த்தளம் தம்பிக்கும் மாடி அக்காவுக்கும் ஆனது. தம்பி பைபாஸ் பக்கம் வேறு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். கீழ்த்தளத்தை ஒரு பேக்கரிக்கு வாடகைக்கு விடப்போகிறார் என்பது எனக்குத் தெரியும்.

அதற்கு மேலும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆட்டோவில் போகும்போது போனை எடுத்து, தம்பி அனுப்பியிருந்த பழைய செய்திகளைத் தேடினேன். ஒரு மாதத்துக்கு முன்பு, இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 'மேடம், இத எடுத்துட்டு ஒரே ஹாலா ஆக்கிக்கலாமா?' அப்போது நான் போர்வைக்குள் படுத்திருந்தேன். 'பாக்காம சொல்ல முடியாது. வந்து பாக்குறேன். அதுவரைக்கும் கை வைக்காதீங்க' என்று பதில் போட்டிருக்கிறேன். பத்து நாள் கழித்து அவர், 'எப்ப வாரீங்க மேடம்?' நான், 'அடுத்த வாரம்.' அதற்கப்புறம் அவரும் கேட்கவில்லை, நானும் போகவில்லை. போகவில்லை என்பதைவிட, போகவேண்டிய இடம் ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்தேன்.

ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிட்டார். தம்பி வந்து நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது ஆள், சட்டைக் கையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "வாங்க மேடம், உங்களயே கூப்புடணும்னு இருந்தேன். பாருங்க, எம்புட்டு வெளிச்சம் வந்துருச்சு" என்றார்.

வெளிச்சம் நன்றாகத்தான் வந்திருந்தது. முன்னறையும் பின்னறையும் ஒன்றாகி, தெருவில் நின்றால் பின்பக்கத்துச் சமையலறை ஜன்னல் வரைக்கும் தெரிந்தது. நடுச்சுவரில் இரண்டு ஓரத்திலும் ஒன்றரை அடி அகலத்துக்குத் துண்டு மட்டும் மிச்சம் இருந்தது. நான் உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்று மேலே பார்த்தேன். தளத்தின் அடிப்பக்கம், சுவர் இருந்த தடத்தை ஒட்டி, மயிரிழைபோல ஒரு வெடிப்பு ஓடியது. தளம் நடுவில் இறங்கியிருந்தது. பழக்கமில்லாத கண்ணுக்குத் தெரியாத அளவுதான். இடது ஓரத்துத் துண்டுச் சுவரின் அடியில் செங்கல் பொடி சின்னக் குவியலாகக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் பொடி உதிர்ந்தது.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல மேடம். ஏன்?"

"இனிமே யாரும் போகக்கூடாது. நீங்களும் வெளிய நில்லுங்க."

அவருக்கு முகம் மாறியது. "கான்ட்ராக்டரு தட்டிப் பாத்துட்டு, சும்மா தடுப்புச் சுவருதான்னு சொன்னாரே. இடிக்க ஆரம்பிச்சு ரெண்டு நாளாச்சு, ஒண்ணும் ஆகலையே."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். தெருவில் நின்றபடியே அவருக்குச் சொன்னேன். "மொட்டைமாடித் தளம், அது மேல தண்ணித் தொட்டி, இது ரெண்டோட எடையும் மாடிச் சுவத்துல இறங்குது. அந்தச் சுவரு, மாடியில இருக்குற கட்டிலு, பீரோ, மனுசங்க எல்லாம் இந்தத் தளத்துல இறங்குது. தளத்துல இருந்து நீங்க இடிச்ச சுவரு. அதுல இருந்து கடைக்கால். அதுல இருந்து மண்ணு. இப்பிடித்தான் எடை கீழ போய்க்கிட்டு இருந்துச்சு. நீங்க சுவர எடுத்துட்டீங்க. எடை எங்கிட்டும் போகல. அது அங்கயேதான் இருக்கு."

"அப்பறம் எப்பிடி நிக்குது?"

"மாடிச் சுவத்துச் செங்கல் ஒண்ணை ஒண்ணு நெருக்கிப் பிடிச்சுக்கிட்டு, வளைவு மாதிரி ரெண்டு ஓரத்துக்கும் எடையத் தள்ளிவிடுது. இந்த ரெண்டு துண்டுச் சுவத்துலதான் முழுசும் வந்து நிக்குது. அதுவும் நொறுங்க ஆரம்பிச்சுருச்சு. பொடி உதிருது பாருங்க."

அவர் அந்தப் பொடியைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து மாடியைப் பார்த்தார். "அத்தான் மேல இருக்காரே" என்றார்.

முதலில் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யவேண்டும். ஆயிரம் லிட்டர் தொட்டி. முந்தின நாள்தான் நிறைத்திருந்தார்கள். நிறைந்த தொட்டி என்றால் ஒரு டன். அதுவும் நடுச்சுவருக்கு நேர் மேலே. வெளிப்புறப் படியேறி, அக்காவிடம் எல்லாக் குழாய்களையும் திறந்துவிடச் சொன்னேன். அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இருந்தவர்கள் அப்படித்தான். குளியலறை, அடுப்படி, பின்பக்கம் என்று வரிசையாகத் திறந்துவிட்டார். படுக்கையறைக் கதவு மூலையிலிருந்து சுவரில் படிக்கட்டு மாதிரி ஒரு வெடிப்பு ஏறியிருந்தது. என் சுண்டுவிரல் நுனி அதற்குள் போனது.

அதற்குள் நான் போனில் கூப்பிட்டிருந்த கொத்தனார் இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார். என் சைட்டுகளில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவர். வந்தவர் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயையோ" என்று மட்டும் சொன்னார்.

மாமா முன்பு பஸ் டிரைவராக இருந்தவர். இன்னமும் கனத்த உடம்பு. வலது பக்கம் முழுவதும் வராது. பேச்சும் நாலைந்து வார்த்தைதான். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நெஞ்சோடும் இடுப்போடும் இரண்டு போர்வையால் கட்டினோம். தம்பி, கொத்தனார், இரண்டு ஆட்கள் என்று நாலு பேர் தூக்கினார்கள். நான் முன்னால் படி பார்த்துக்கொண்டு இறங்கினேன். படி ஒடுக்கம். பாதியில் ஒரு திருப்பம். திருப்பத்துக்கு வந்ததும் மாமா இடது கையால் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க அத்தான், மெதுவா இறக்குறோம்" என்றார் தம்பி.

"வேணாம்" என்றார் மாமா. "வேணாம், வேணாம்."

நாலு பேரும் பாரத்தோடு நின்றார்கள். கொத்தனாரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அக்கா பின்னாலிருந்து குனிந்து, மாமாவின் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்த கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "எதுத்த வீட்டுக்குத்தான் போறோம். அங்க டி.வி. இருக்கு" என்றார். மாமா அக்காவின் கையை விடவில்லை. அப்படியே இறக்கினோம்.

எதிர்வீட்டில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். கேட்டவுடன் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். மாமாவைப் படுக்க வைத்தபிறகு நான் அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் தீயாக எரிந்தன. மணி பத்துகூட ஆகவில்லை.

அன்று மதியத்துக்குள் முட்டுக் கொடுத்தாகவேண்டும். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடையிலிருந்து, உயரத்தைத் திருகி ஏற்றக்கூடிய இரும்பு ஜாக்கிகள் முப்பது வந்தன. சுவர் இருந்த தடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. தரையில் நீளப் பலகை, அதன் மேல் ஜாக்கி, அதற்கு மேல் தளத்தை ஒட்டி மரக்கட்டை. உள்ளே நிற்கும் ஆளின் தலைக்கு மேலே எப்போதும் முட்டு இருக்கும்படி வாசலிலிருந்து தொடங்கி உள்ளே நகர்ந்தோம். கொத்தனார் தன் ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு முதல் ஆறு ஜாக்கியைத் தானே நட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் அந்த இடத்தில் நான்தான் போய் நிற்கவேண்டியிருக்கும். என் கைவிரல்களால் ஒரு ஸ்பூனைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாத நாட்கள் அவை.

"தூக்கிறாதீங்க. தொட்டுக்கிட்டு நின்னாப் போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவசரத்தில் ஜாக்கியை அதிகம் திருகிவிட்டால் இறங்கிய தளம் மேலே ஏறி, உடையாத இடமும் உடையும். ஒவ்வொன்றையும் நட்டபின் கொத்தனார் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். பாரம் ஏறியிருந்தால் 'ணங்' என்று சத்தம் வரும். ஏறாவிட்டால் சத்தம் செத்திருக்கும். சாயங்காலம் முப்பதும் 'ணங்' என்றன. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமலேயே படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கொத்தனார் ஒவ்வொரு ஜாக்கியாகத் தட்டிக்கொண்டே வந்தார். இடது மூலையில் இருந்த மூன்றும் பேசவில்லை. கையால் ஆட்டினால் ஆடின.

"இஞ்சினியரம்மா, இங்க தரை அமுங்கியிருக்கு" என்றார். பலகைக்கு அடியில் இருந்த மொசைக் தரை ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. அவர் தரையில் சுத்தியலால் தட்டினார். பானையில் தட்டுவதுபோல இருந்தது.

எனக்குப் புரியவில்லை. ஜாக்கி வாங்கிய எடையைப் பலகைக்குக் கொடுத்திருக்கிறது. பலகை தரைக்குக் கொடுத்திருக்கிறது. தரைக்கு அடியில் மண் இல்லை. இடித்த சுவருக்குப் பதிலாக இரண்டு ஓரத்திலும் தூண் எழுப்பி, அவற்றின் மேல் கர்டர் என்னும் இரும்பு உத்திரத்தை ஏற்றுவது என் திட்டம். அந்த மூலையில்தான் தூண் ஒன்றை நிறுத்த நான் குறித்திருந்தேன்.

தம்பியைக் கேட்டேன். தெரியாது என்றார். தெருவைக் கடந்து அக்காவைக் கூட்டிவந்தேன். ஆபத்து என்பதால் வாசலில் நின்றபடியே மூலையைக் காட்டினேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"அங்க தொட்டி இருந்துச்சும்மா. நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கையில அப்பா கட்டுனது. குழாய்த் தண்ணி அப்ப ஒழுங்கா வராது, அதனால புடிச்சு வைக்கிறதுக்கு. ஒரு தடவ உள்ள எலி செத்து மெதந்துச்சு. அம்மா அந்தத் தண்ணியத் தொடவே மாட்டேன்னுட்டாங்க. அதோட அப்பா கல்லுப் போட்டு மூடிட்டாரு. இவன் அப்ப பொறக்கவே இல்ல."

"மண்ணு போட்டு நெரப்புனாரா?"

"அது எனக்குத் தெரியலயே. மூடுனதுதான் தெரியும்."

நிரப்பவில்லை. ஜாக்கிகளை வேறு இடத்துக்கு மாற்றி நட்டுவிட்டுத் தரையை உடைத்தோம். அடியில் நாலு கடப்பாக்கல் பலகைகள். அதில் ஒன்று குறுக்கே விரிசல் விட்டிருந்தது. பலகையை நெம்பியதும் பழைய ஈரத்தின் வாடை மேலே வந்தது. ஆளுயரத்துக்கு வெற்றிடம். இத்தனை வருடமாக அந்த வீட்டில் அதன் மேல் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள், பீரோ வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வருடத்துக்கு முன்பு மாடிக்கு அளவெடுக்க வந்த நான், அதன் மேல் நின்றுதான் டேப்பைப் பிடித்திருப்பேன். கீழே என்ன இருக்கிறது என்று அன்று யாரையும் கேட்கவில்லை. கடைக்காலை ஓரிடத்தில் தோண்டிப் பார்த்ததோடு சரி.

தூணுக்கு அடித்தளம் போடத் தொட்டியின் அடியையும் உடைத்துக்கொண்டு இறங்கவேண்டியிருந்தது. அஸ்திவாரத்துக்குத் தோண்டும் குழியை இங்கே கொத்தனார்கள் 'வானம்' என்பார்கள். "வானம் இன்னும் எம்புட்டு ஆழம் போகணும்?" என்று தொட்டிக்குள்ளிருந்து குரல் வரும். "சரளை வர்ற வரைக்கும்" என்பேன். செம்மண் தீர்ந்து, கடப்பாரை பட்டால் பொறி பறக்கும் சரளை மண் வரும்வரை இரண்டு நாள் தோண்டினார்கள். வலது ஓரத்தில் ஒரே நாளில் வேலை முடிந்தது. இரண்டு குழியிலும் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, இரண்டு தூண் எழுப்பினோம். தூண்கள் இறுகும்வரை காத்திருக்கவேண்டும். ஜாக்கிக் காட்டுக்குள் ஆள் ஒருக்களித்துத்தான் போகமுடியும். தினமும் காலையும் மாலையும் போய், நானே சுத்தியலை வாங்கி முப்பதையும் தட்டிப் பார்ப்பேன். வேறு சைட்டுகளை எல்லாம் தள்ளிப் போட்டேன். எல்லோரும் திட்டினார்கள்.

அந்த நாட்களில் ஒருமுறை தெருமுனை டீக்கடையில், தம்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "இஞ்சினியரம்மாட்டக் கேட்டுத்தாங்க ஆரம்பிச்சேன். போட்டோகூட அனுப்புனேன்." கை வைக்காதீங்க என்று நான் எழுதியதை எடுத்துக் காட்டலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். அதற்குக் கீழேயே 'அடுத்த வாரம்' என்று இருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

அக்கா அடுப்படி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். மாமா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. சோத்துக்கு வெஞ்சனம் வைக்க இதான் கெடச்சுச்சு. அடுத்தவங்க அடுப்புல எம்புட்டு நாளைக்கு ஆக்குறது. அவங்க ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் கூசுது."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அக்கா, தம்பி ஒரு மாசத்துக்கு முன்னாடியே எங்கிட்டக் கேட்டாரு. வந்து பாக்குறேன்னு சொன்னேன். வரல. வந்திருந்தா அஞ்சு நிமிசத்துல சொல்லியிருப்பேன், இது எடை தாங்குற சுவருன்னு."

அவர் கை நின்றது. பிறகு அடுத்த காயை எடுத்தார். அதை முடித்து, இன்னொன்றையும் முடித்தார்.

"உடம்பு முடியலையோ?"

"ஆமாக்கா. ஆனா அதுக்கப்பறம் ரெண்டு சைட்டுக்குப் போயிட்டுத்தான் இருந்தேன். இது மறந்துபோச்சு."

"ம்" என்றார். "வந்திருக்கலாம்."

முறத்தை என் பக்கம் தள்ளினார். நானும் நார் எடுக்கத் தொடங்கினேன். என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அவர் மூன்று காய் முடிக்கும் நேரத்தில் நான் ஒன்று முடித்தேன். அவர் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் போல. சொல்லாததுதான் சரி என்று பிறகு தோன்றியது.

மூன்றாவது வாரக் கடைசியில் கர்டர் வந்தது. இரண்டு இரும்பு கர்டர்களைச் சங்கிலிக் கப்பி போட்டு ஏற்றி, சுவர் இருந்த அதே தடத்தில், தளத்துக்கு நேர் அடியில், தூண்களின் மேல் உட்கார வைத்தோம். கர்டருக்கும் தளத்துக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அங்கேதான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. அந்த இடைவெளியை விட்டுவிட்டால் கர்டர் சும்மா அலங்காரத்துக்கு நிற்கும், ஜாக்கியை எடுத்ததும் தளம் இறங்கித்தான் அதைத் தொடும். இரும்புத் தகடுகளைச் சொருகி, தண்ணீர் குறைவாகப் பிசைந்த சிமெண்டுக் கலவையைக் குச்சியால் குத்திக் குத்தி அடைத்தார் கொத்தனார். ஒரு முழு நாள் அந்த வேலைக்கே போனது. கழுத்தை அண்ணாந்தே வைத்திருந்ததில் மறுநாள் அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை.

கலவை இறுகியபின் ஜாக்கிகளைத் தளர்த்தும் நாள் வந்தது. மாடியில் வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை ஒட்டியிருந்தேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கொத்தனாரின் ஆள் ஒருவரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி, வாசல் வழியாகத் தெரியும்படி வெளிப்படி உச்சியில் நிறுத்தினேன். நடுவில் இருந்த ஜாக்கியில் ஆரம்பித்தோம். ஒரு கால் திருகு. நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டேன். அடுத்தது ஒரு கால் திருகு. இப்படி முப்பதுக்கும் ஒரு சுற்று, பிறகு மறுபடி நடுவிலிருந்து. மூன்றாவது சுற்றில் கர்டர் ஒரு தடவை 'டிக்' என்றது. கொத்தனார் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேல எப்பிடி இருக்கு?" என்று கத்தினேன்.

"கண்ணாடி நல்லாருக்குங்க" என்று பதில் வந்தது.

"எடையை வாங்கிக்கிருச்சு. நீங்க திருகுங்க" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கு அது முழு நிச்சயமாகத் தெரிந்திருந்தது என்று சொல்லமாட்டேன். கணக்குப் போட்டிருந்தேன், இரண்டு தடவை சரி பார்த்திருந்தேன். ஆனாலும் இந்த வேலையில் அந்த நிமிடத்தை யாரும் கணக்கால் மட்டும் கடப்பதில்லை.

தெருவில் அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல் பத்தடி தள்ளி நின்றார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசி ஜாக்கியை எடுத்தோம். ஒன்றுமே நடக்கவில்லை. நான் உள்ளே போய், தளத்துக்கு நேர் கீழே நின்று பார்த்தேன். தலைக்கு மேலே மொத்த வீடும் கர்டரில் இறங்கி, கர்டர் வழியாக இரண்டு தூணுக்கும் பிரிந்து, செம்மண்ணைத் தாண்டிச் சரளைக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தூணில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.

தம்பி உள்ளே வந்து தூண் இரண்டையும் பார்த்தார். "பேக்கரிக்காரரு இது நடுவுல துருத்திக்கிட்டு இருக்குன்னு சொல்லுவாரே மேடம்" என்றார். சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வெடிப்புகளை அடைத்து, மேலே மறுபடி கண்ணாடி ஒட்டி, கதவை ஆசாரியிடம் கொடுத்துச் சீவி மாட்டியபின், இருபத்தாறாம் நாள் மாமாவை மேலே ஏற்றினார்கள். இந்த முறை தம்பி தன் இரண்டு சிநேகிதர்களைக் கூட்டி வந்திருந்தார். ஏறும்போது மாமா எந்தக் கம்பியையும் பிடிக்கவில்லை. திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தபோது தம்பி தன் தோளை அண்டக் கொடுத்தார். மூச்சு வாங்க அங்கேயே நின்றார். அக்கா பின்னாலிருந்து, "செத்த நேரம் நின்னுட்டே போ. ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அந்த மாதத்தில் அவர் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அதற்கப்புறமும் அவர்கள் அதிகம் பேசிக்கொள்வதாகத் தெரியவில்லை. பேக்கரி திறந்துவிட்டது. ரொட்டி வேகும் வாசனை மேலே வருகிறதாம். மாமாவுக்கு அது பிடித்திருக்கிறது என்று அக்கா ஒருமுறை போனில் சொன்னார். மற்றபடி அவர் என்னைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. மழைக்கு முன்பும் பின்பும் நானாகப் போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வருகிறேன். காபி கொடுப்பார். உட்காரச் சொல்வார். முன்பிருந்த கலகலப்பு இல்லை. அதைக் கேட்டு வாங்கவும் முடியாது.

மாம்பழ சீசனில் நத்தத்திலிருந்து ஒரு போன் வந்தது. மகள் நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைக்கப்போகிறார்களாம், ஹாலில் ஒரு சுவரை எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். படம் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம், வாரேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இறங்கி, தோப்பு ஓரமாக அரை மைல் நடந்தேன்.

ஒற்றைத் தளம் போட்ட வீடு. மாடி இல்லை. அந்தச் சுவர் நாலரை அங்குலம். மேலே தளத்தைத் தொடவே இல்லை, உச்சியில் ஒரு விரல் இடைவெளியில் சிலந்தி வலை கட்டியிருந்தது. தரை போட்ட பிறகு அதன் மேலேயே எழுப்பிய தடுப்பு. அடியிலும் தட்டிப் பார்த்தேன். வெளியே போய்ச் சுற்றிப் பார்த்தேன். தளத்தைத் தாங்க நாலு பக்கமும் தடித்த சுவர்கள் இருந்தன.

"இத எடுத்துக்கலாம். இது எதையும் தாங்கல" என்றேன்.

அந்த மனிதருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "இதச் சொல்லவா இம்புட்டு வெயில்ல வந்தீங்க? போன்லயே சொல்லியிருக்கலாமே."

"பாக்காமத் தெரியாதுங்களே."

அவர் மனைவி சோறு போட்டார். கிளம்பும்போது ஒரு பையில் புளி கட்டிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியதுதான் தெரியும். கண்டக்டர் தோளைத் தட்டி, "திண்டுக்கல் வந்துருச்சும்மா, எறங்குங்க" என்றபோது பஸ்ஸில் நான் மட்டும்தான் இருந்தேன்.